சிறு முதலில் ஓர் இளங்குதிரை

குதிரை வாங்கப் போகிறவன் முதலில் குளம்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தவர் கிரேக்க நாட்டு செனபோன். ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய குதிரையேற்ற நூலின் முதல் அத்தியாயமே, சவாரிக்கு இன்னும் பழகாத இளங்குதிரையைப் பார்த்து வாங்குவது பற்றியதுதான். அடித்தளம் சரியில்லாத வீட்டுக்கு மேல்மாடி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை; குதிரைக்குக் காலும் அப்படித்தான் என்பது அவர் வாதம். குளம்பின் சுவர் தடிமனாக இருக்கிறதா, உள்ளங்கால் தரையில் அப்பிவிடாமல் குழிந்து உயர்ந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். நல்ல குழிக்குளம்பு கெட்டித் தரையில் படும்போது கைத்தாளம் தட்டினாற்போல் ஒலிக்கும் என்றும் சொல்கிறார்.

உடம்பிலிருந்து தொடங்குவதற்கு அவர் தரும் காரணம் எளிமையானது. யாரும் ஏறிப் பார்க்காத குதிரையின் குணம் இன்னும் வெளியே வரவில்லை. கண்ணுக்குத் தெரியும் சாட்சி உடம்பு மட்டுமே. கையில் அதிகப் பணமில்லாமல் ஒரு டிரெஸ்ஸாஜ் குதிரையைத் தேடுகிறவர் இன்றும் நிற்பது அதே இடத்தில்தான். நிரூபித்துக் காட்டிய குதிரை அவர் கைக்கு எட்டாது. எட்டுகிற விலையில் இருப்பது இன்னும் எதையும் காட்டாத குதிரை, அல்லது ஏதோ ஒரு குறை உள்ள குதிரை. அந்தக் குறை எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில குறைகளை விட்டுக்கொடுத்து வாங்கலாம். சிலவற்றை எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தப் பிரிவினையை ஒழுங்காகச் செய்பவருக்குச் சிறு முதலிலும் நல்ல குதிரை கிடைக்கும். செய்யாதவருக்குப் பெருமுதலும் போதாது.

டிரெஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்றே பொருள். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட மணல் களத்தில், ஓரங்களில் எழுத்துகள் நட்டிருக்க, குறித்த இடத்தில் குறித்த அசைவைக் குதிரை செய்து காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒலிம்பிக்கில் 1912 ஸ்டாக்ஹோம் முதல் இது இருக்கிறது. தொடக்க நிலையில் வட்டம், நேர்கோடு, நிற்றல், நடைமாற்றம் என்ற அளவில் இருப்பது, மேலே போகப்போக உடல் எடையைப் பின்கால்களுக்கு மாற்றி, நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் காலெடுத்து வைக்கும் பியாஃபே வரை செல்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இளங்குதிரை வாங்குகிறவர் வாங்குவது இன்றைய ஆட்டத்தை அல்ல. இன்னும் ஆறேழு ஆண்டு உழைப்பைத் தாங்கக்கூடிய உடலையும் மனதையும்தான்.

விலை எதற்குக் கொடுக்கப்படுகிறது?

இந்தக் குதிரைகளின் பெருஞ்சந்தை ஜெர்மனியும் நெதர்லாந்தும். ஹனோவர் இனத்தின் வேராக இருக்கும் செல்லே அரசுப் பொலிகுதிரைப் பண்ணை 1735-இல் நிறுவப்பட்டது. வெர்டன் நகரில் ஹனோவர் குதிரை ஏலம் 1949 முதல் நடக்கிறது. வம்சாவளிப் பதிவு, பொலிகுதிரைத் தேர்வு, இளங்குதிரைப் போட்டி, ஏலம் என்று தலைமுறை தலைமுறையாக வந்த அமைப்பு அது. அங்கே மேல்தட்டில் விலைக்கு உச்சவரம்பே இல்லை. 2010-இல் டோட்டிலாஸ் என்ற குதிரை நெதர்லாந்திலிருந்து ஜெர்மனிக்குக் கைமாறியபோது விலை ஒரு கோடி யூரோவுக்கு மேல் என்று செய்திகள் வந்தன.

ஆனால் விலை காப்பீடு அல்ல. 2003-இல் இளங்குதிரைகளுக்கான உலகச் சாம்பியன் போட்டியில் வென்ற பொயெட்டின் என்ற பெண்குதிரை அதே ஆண்டு ஏலத்தில் 25 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. இரண்டே ஆண்டில், குளம்பழற்சி நோயில், அது இறந்துபோனது.

ஏலக் கூடத்தில் கூட்டத்தை எழுந்து உட்கார வைப்பது டிராட். முன்கால் தோள் உயரத்துக்கு எழும்ப, குதிரை தரையில் படாமல் மிதப்பதுபோல் போகும் அந்த ஓட்டத்துக்குத்தான் விலை ஏறுகிறது. விற்பனை வீடியோக்களிலும் முக்கால் பங்கு டிராட்டே. சிறு முதலோடு வருபவர் அந்தப் போட்டியிலிருந்து ஆரம்பத்திலேயே விலகிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வசதியில்லை என்பதற்காக மட்டும் அல்ல. நான்கு வயதில் அவ்வளவு பெரிய டிராட் உள்ள குதிரையைச் சேர்த்துப் பிடித்து முதுகில் உட்கார, தேர்ந்த சவாரிக்காரர் வேண்டும். அந்த வீச்சைத் தாங்கும் மூட்டுகளுக்கும் தசைநாண்களுக்கும் வயது இன்னும் வந்திருக்காது. முக்கியமாக, வாக், டிராட், கேன்டர் என்ற மூன்று நடைகளில் பயிற்சியால் அதிகம் வளர்க்க முடிவது டிராட்தான். பின்னால் சம்பாதித்துக்கொள்ளக் கூடியதை முன்னால் காசு கொடுத்து வாங்குவது எதற்கு?

மணலில் விழும் தடம்

குதிரையின் நடைகளைத் தாளமாகக் கேட்கப் பழகியவருக்கு இந்தத் தேர்வில் பாதி வேலை முடிந்தது. வாக் நான்கு தட்டு, டிராட் இரண்டு, கேன்டர் மூன்று. கேன்டரில் மூன்று தட்டுக்குப் பிறகு நான்கு காலும் தரையில் இல்லாத ஒரு கணம் வரும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள் சதுஸ்ரம், திஸ்ரம் என்று மனதுக்குள் போட்டுப் பார்க்கலாம்; பொருந்தும்.

மூன்றில் மாற்றவே முடியாதது என்று சொல்லத்தக்கது வாக். பிறவியில் வந்த வாக்கைக் காப்பாற்றிக்கொள்ள முடியும், அவசரப் பயிற்சியால் கெடுத்துக்கொள்ளவும் முடியும். புதிதாக உண்டாக்குவது அரிது. இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்று நான்கும் சம இடைவெளியில் விழ வேண்டும். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே எழுந்து சேர்ந்தே விழுந்தால் அது ஒட்டக நடை. டிரெஸ்ஸாஜ் நடுவர் அதை மன்னிக்க மாட்டார். வாக்குக்குரிய மதிப்பெண்கள் பல தேர்வுகளில் இரட்டிப்பாகக் கணக்கிடப்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சோதிக்கப் பணம் வேண்டாம், ஒரு வாரியல் போதும். மணலைப் பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்துக்குச் சமமாக வாரிவிட்டு, குதிரையைத் தளர்ந்த கயிற்றில், இழுக்காமல், நேராக நடத்திக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிறகு குனிந்து தடத்தைப் பாருங்கள். முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டிப் பின்கால் பதிந்திருக்கிறதா? ஒரு குளம்பு நீளமாவது தாண்டியிருந்தால் நல்லது. வலப்பக்கமும் இடப்பக்கமும் தாண்டும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் காரணம் தேடியாக வேண்டும். இரண்டு குளம்புக்கும் மேல் தாண்டுகிற குதிரையைக் கண்டு மயங்குகிறவர்கள் உண்டு. பின்னால் அந்த நீண்ட நடையைக் குறுக்கிச் சேர்க்கும்போது தாளம் உடைந்துபோகும் ஆபத்து அதற்கு அதிகம். தடத்தில் இன்னொன்றும் தெரியும்: குளம்பின் முனை மண்ணைச் சீய்த்துக்கொண்டு போயிருந்தால் அந்தக் கால் முழுதாக எழவில்லை என்று பொருள்.

அடுத்தது கேன்டர். மேல்நிலைத் தேர்வுகளில் கடினமானவை பலவும் கேன்டரில்தான் வருகின்றன: நின்ற இடத்தைச் சுற்றித் திரும்பும் பிருவெட், அடிக்கொரு தரம் கால் மாற்றும் பாய்ச்சல் எல்லாம் அதில்தான். குதிரையைக் களத்தில் அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆள் ஏறியிருக்கும்போது தெரியாதது அப்போது தெரியும். தானாகவே கேன்டருக்குப் போகிறதா? மூலையில் திரும்பும்போது தானே முன்காலை மாற்றி, பின்காலையும் கூடவே மாற்றிச் சமன் செய்துகொள்கிறதா? பின்கால் வயிற்றுக்கடியில் நன்றாக உள்ளே வந்து விழுகிறதா, அல்லது பின்னாலேயே தள்ளிக்கொண்டு வருகிறதா? தாளம் மூன்றாகக் கேட்கிறதா, நான்காகச் சிதறுகிறதா? பிரிட்டனின் டிரெஸ்ஸாஜ் பயிற்சியாளர் கார்ல் ஹெஸ்டர் இளங்குதிரையில் வாக்கையும் கேன்டரையும் பாருங்கள், டிராட்டைப் பயிற்சியில் வளர்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து சொல்லிவருபவர். அவர் நெதர்லாந்தில் இளங்குதிரையாக வாங்கிய வலெக்ரோ, அங்கே பொலிகுதிரைத் தேர்வில் தேறாமல் ஒதுக்கப்பட்டது. பெரிய உயரமும் இல்லை. பின்னாளில் ஷார்லட் டுஜார்டின் ஏறி 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2014 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் இசைத் தேர்வில் 94.3 சதவீதம் பெற்று உலக சாதனை படைத்ததும் அந்தக் குதிரைதான்.

பொலிகுதிரைத் தேர்வில் தோற்ற குட்டிகள் என்பதே சிறு முதலோடு வருபவர் கவனிக்க வேண்டிய ஒரு வரிசை. இனப்பெருக்கத்துக்கு ஒரு இனச் சங்கம் எடுத்துக்கொள்வது மிகச் சிலவற்றை. மீதியை விதையடித்து சவாரிக் குதிரையாக விற்றுவிடுகிறார்கள். வம்சம் நல்லது, வளர்ப்பு நல்லது, விலை மட்டும் இறங்கியிருக்கும்.

விட்டுக்கொடுக்கக் கூடிய குறைகள்

உயரம் அவற்றில் முதலாவது. 162 சென்டிமீட்டர், அதாவது 16 கை உயரத்துக்குக் கீழே இருந்தால் வாங்க ஆள் குறைகிறது, விலையும் குறைகிறது. நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு அதைவிடப் பெரிய குதிரை எந்த வகையிலும் தேவையில்லை. அமெரிக்காவில் லெண்டன் கிரே என்ற பெண்மணி ஏறிய செல்டம் சீன், கோனிமாரா இனமும் பந்தய இனமான தரோபிரெட்டும் கலந்த 14.2 கை உயரக் குதிரை, சுமார் 147 சென்டிமீட்டர். அது உச்ச நிலையான கிராண்ட் பிரீ வரை போட்டியிட்டது.

நிறம் இன்னும் அற்பமான காரணம். கறுப்புக்குக் கூடுதல் விலையும், செம்பழுப்பு நிறப் பெண்குதிரை என்றால் முரடாக இருக்கும் என்ற தப்பெண்ணத்தால் குறைந்த விலையும் ஐரோப்பாவில் இன்னும் நிலவுகின்றன. பெண்குதிரைகளை ஒதுக்குவோர் சவாரிப் பள்ளிகளில் நிறையப் பேர். இனப்பெருக்கச் சுழற்சியின்போது சிலவற்றின் மனநிலை மாறும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல பெண்குதிரை தன் ஆளுக்காக எதையும் செய்யும்; காயமடைந்து சவாரி நின்றாலும் குட்டி ஈனும் மதிப்பு அதற்கு மிஞ்சும். நம் பக்கத்தில் சுழி பார்ப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரையின் நெற்றியிலும் கழுத்திலும் விலாவிலும் சுழி தேடி விலை பேசுவார்கள். மயிர் எந்தப் பக்கம் சுழன்றாலும் பின்காலின் மூட்டு அதனால் வலுப்படுவதில்லை.

இனப்பெயரும் விட்டுக்கொடுக்கத் தக்கதே, ஓரளவுக்கு. இன்றைய போட்டி டிரெஸ்ஸாஜ் ஹனோவர் போன்ற ஐரோப்பிய வார்ம்பிளட் இனங்களை மனதில் வைத்தே வளர்ந்தது என்பதால் மற்ற இனங்கள் பெரிய வீச்சு கேட்கும் அசைவுகளில் பின்தங்கும். அதே நேரம் லூசிடானோவும் ஸ்பெயின் குதிரையும் உடலைப் பின்கால்களில் சேர்த்து நிற்பதில், பியாஃபேயில், பிறவியிலேயே கை தேர்ந்தவை. ஹாஃப்ளிங்கர், வெல்ஷ் காப், மார்கன், அரபு என்று எதிலும் நடுநிலைத் தேர்வு வரை போகக் கூடிய குதிரைகள் உண்டு. 2014-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் நடந்த அமெரிக்க டிரெஸ்ஸாஜ் இறுதிப் போட்டியில் லாரா ஹெர்மன்சன் ஏறி வந்தது ஒரு கோவேறு கழுதை. பெயர் ஹார்ட் பி டைனா.

ஆறிப்போன தழும்பு, குளம்புக்கு மேலே வலியில்லாத நீர்க்கோத்த வீக்கம், பழைய எலும்புப் புடைப்பு, கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் இவையெல்லாம் பேரத்துக்குரியவை. கடைசியாகச் சொன்னது மட்டும் வயிற்றையும் பல்லையும் பாதிக்கலாம், லாயத்தில் மற்றவர்கள் முகம் சுளிக்கலாம்; ஆனாலும் தெரிந்தே வாங்கலாம்.

ஓட்டக்களத்திலிருந்து வருபவை

பந்தயத்திலிருந்து விடுவிக்கப்படும் தரோபிரெட் தனியாகப் பேச வேண்டிய பொருள். உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கும் இளங்குதிரை இதுவே. மூன்று, நான்கு வயதில் வேகம் போதவில்லை என்று களத்தை விட்டு வருகிறது. பிரிட்டனில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு மறுபயிற்சி தரும் அமைப்பு 2000-த்தில் தொடங்கப்பட்டது. கென்டக்கியில் ஆண்டுதோறும் நடக்கும் மறுபயிற்சிப் போட்டியில் டிரெஸ்ஸாஜும் ஒரு பிரிவு.

இனமாக தரோபிரெட்டை எடுத்துக்கொண்டால் மிகச் சிறந்த சான்று கீன். கலிஃபோர்னியாவில் ஆசிரியையாக இருந்த ஹில்டா கர்னி அதை மூன்று வயதில் 1,000 டாலருக்கு வாங்கினார். தானே பழக்கினார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அந்தக் குதிரை இருந்த அமெரிக்க அணி வெண்கலம் வென்றது. 1948-க்குப் பிறகு டிரெஸ்ஸாஜில் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

பந்தய லாயத்தில் வளர்ந்த குதிரைக்கு லாரிப் பயணம், லாடம் அடித்தல், குளிப்பாட்டல், கூட்டம், ஒலிபெருக்கி எல்லாம் பழக்கம். மூன்று வயது வார்ம்பிளட் பார்த்து மிரளும் பலவற்றை இது திரும்பியும் பார்க்காது. இன்னொரு பக்கம், கடிவாளத்தில் அழுத்தம் கூடினால் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று அது கற்றிருக்கிறது. அதை மறக்கடிக்க மாதங்கள் ஆகும். இரைப்பைப் புண் பந்தயக் குதிரைகளில் மிகப் பரவலானது. முதுகெலும்பின் மேல்முட்கள் ஒன்றோடொன்று உரசும் கோளாறு இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுவது. சேணம் உட்காரும் இடத்திலேயே அது வருகிறது. ஆகவே இந்தக் குதிரைக்கு முதுகு எக்ஸ்ரே எடுக்காமல் வாங்கக் கூடாது. முன்காலின் பின்புறத் தசைநாண் ஒருமுறை கிழிந்து நன்றாக ஆறிய குதிரை டிரெஸ்ஸாஜுக்குப் பயன்படலாம். பின்காலின் தாங்குநாணில் காயம்பட்டது என்றால் அடுத்ததைப் பார்ப்பது நல்லது. டிரெஸ்ஸாஜ் முழுவதும் சுமை ஏற்றுவது அந்த இடத்தில்தான்.

இந்தியாவில் இந்தத் தேர்வு ஏறக்குறைய கட்டாயம். நம் சவாரிக் கழகங்களில் உள்ளவை பெரும்பாலும் பந்தயக் களங்களிலிருந்து வந்த தரோபிரெட்களே. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கித் தந்த டிரெஸ்ஸாஜ் அணியின் நால்வரும், அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா, ஐரோப்பாவில் தங்கி, அங்குள்ள குதிரைகளில் பழகியவர்கள். இந்தியாவிலிருந்து குதிரையை நேரடியாக வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப நோயற்ற பகுதி என்ற பன்னாட்டு ஏற்பு இல்லாதிருந்தது அதற்கொரு பெரிய காரணம். 2025-இல் மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மையத்துக்கு அந்த ஏற்பு கிடைத்திருக்கிறது. இனி உள்ளூரில் கிடைக்கும் நல்ல தரோபிரெட்டுக்கும் ஒரு வழி திறக்கலாம்.

வயதும் பல்லும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நடு வெட்டுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தில் உள்ளவை நாலரையிலும் பால்பல் விழுந்து முளைக்கின்றன. பத்திரத்தில் ஐந்து வயது என்று இருக்க, வாயில் ஓரப் பால்பல் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். மூன்றரை, நான்கு வயதில் கடைவாயிலும் பால்பற்கள் கழன்றுகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் கடிவாளத்தை எதிர்த்துத் தலையை ஆட்டுவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு மலிவாக விற்பவர்களும் உண்டு. பல் மருத்துவம் தெரிந்தவர் ஒருமுறை பார்த்தால் தீர்ந்துபோகக் கூடியது அது.

பால்குடி மறந்த குட்டியை வாங்கினால் விலை குறைவு, வம்சத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சவாரிக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்; அதற்குள் என்ன வேண்டுமானாலும் நேரலாம். ஆறு வயதில் கால் மாற்றும் பாய்ச்சல் கற்ற குதிரையின் விலை நம் பேச்சுக்கு அப்பால். இடையில், இரண்டரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள், சேணம் இப்போதுதான் கண்ட அல்லது இன்னும் காணாத குதிரையில்தான் சிறு முதலுக்குப் பொருள் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் போனால் பனிக்காலத் தீவனச் செலவை நினைத்து விற்பவர்கள் இறங்கி வருவார்கள். அந்த வயதில் பின்புறம் தோளைவிட உயர்ந்து நின்றால் பயப்பட வேண்டாம். வளர்ச்சி அப்படி முன்னும் பின்னுமாகத்தான் நடக்கும். முதுகெலும்பு முழுதாக இறுக ஐந்தாறு வயது ஆகும். ஆகவே மூன்று வயதில் உடல் எடையை முழுக்கப் பின்கால்களில் ஏற்றி ஓட்டிக் காட்டப்படும் குதிரையைப் பார்த்து நான் பரிதாபப்படுவேன், வாங்க மாட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்று நடைகளிலும் சமநிலை தவறாமல் உட்காரத் தெரியாதவர், அருகில் நல்ல பயிற்சியாளர் இல்லாதவர், இளங்குதிரை வாங்கவே கூடாது. அதே பணத்துக்குப் பதினான்கு வயதில், போட்டியிலிருந்து இறங்கிய, எல்லாம் தெரிந்த ஒரு மூத்த குதிரை கிடைக்கும். அது அவருக்குக் கற்றுக்கொடுக்கும்.

லாயத்தில் அரை நாள்

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே போய் நில்லுங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்திருக்கிறதா, சேணம் இருந்த இடத்தில் மயிர் ஈரமாகப் படிந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வட்டக் கயிற்றில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சோர்த்துவிட்டு சாதுக் குதிரை என்று காட்டுவது பழைய வழக்கம். புல்வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு வருவது, தேய்ப்பது, நான்கு காலையும் தூக்கிக் காட்டுவது, சேணம் கட்டி வார் இறுக்குவது எல்லாம் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். வார் இறுக்கும்போது காது பின்னுக்குப் போய்க் கடிக்க வந்தால், அது குணமாக இருக்கலாம். வயிற்றுப் புண்ணாகவோ முதுகு வலியாகவோ இருக்கலாம். பழகிய குதிரை என்றால் முதலில் விற்பவர் ஏற வேண்டும். அவர் ஏறத் தயங்கும் குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள்.

பிறகு குதிரையை மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாக ஒரு திருப்பம் தாண்டி நடத்திப் பாருங்கள். எதையாவது கண்டு மிரளட்டும். இளங்குதிரை மிரளத்தான் செய்யும். மிரண்ட பிறகு என்ன செய்கிறது என்பதே கேள்வி. இரண்டு அடி துள்ளிவிட்டு, நின்று, மூச்சை விட்டு, மூக்கை நீட்டி முகர்ந்து பார்க்க வருகிறதா? அந்தக் குதிரையோடு ஆறேழு ஆண்டு வாழலாம். மிரண்டது தணியாமல் மணிக்கணக்கில் உடலை இறுக்கிக்கொண்டே இருக்கும் குதிரைக்கு எத்தனை அழகான நடை இருந்தும் பயனில்லை. உடல், நடை, குணம் மூன்றில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாதது குணம் என்பது பல பயிற்சியாளர்களின் முடிவு. என் முடிவும் அதுதான்.

கூடவே ஒரு தெரிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கு நீங்களே, வெளிப்படையாக, கூலி கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் பக்கம் நின்றுகொண்டே விற்பவரிடம் ரகசியத் தரகு வாங்கும் வழக்கம் இந்தத் தொழிலின் நோய். ஃபுளோரிடா, கென்டக்கி போன்ற அமெரிக்க மாநிலங்கள் இதைத் தடுக்கத் தனி விதியே போட்டிருக்கின்றன.

மருத்துவரும் கணக்கும்

பிரிட்டனில் வாங்குமுன் பரிசோதனை ஐந்து கட்டம்: நிற்க வைத்து முழு உடல் சோதனை, கையில் பிடித்து நடையும் டிராட்டும், உழைக்க வைத்து இதயமும் மூச்சும் கேட்பது, ஓய்வு, மறுபடியும் டிராட். மூட்டை ஒரு நிமிடம் போல் மடக்கிப் பிடித்திருந்து, விட்ட கணமே டிராட்டில் ஓட்டி நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். இரத்தம் எடுத்து ஆறு மாதம் வைத்திருப்பார்கள். வலிமருந்தோ மயக்கமருந்தோ கொடுத்துக் காட்டியிருந்தால் பின்னர் தெரிய வரும். மருத்துவர் நீங்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும், விற்பவரின் லாய மருத்துவர் ஆகாது.

ஜெர்மனியில் எக்ஸ்ரே படங்களை வகுப்பு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மதிப்பிட்டு வந்தார்கள். 2018-இல் அந்த வகுப்பு முறையைக் கைவிட்டார்கள். காரணம் கவனிக்கத் தக்கது. படத்தில் தெரியும் சிறு மாற்றம் எல்லாம் நோய் அல்ல. நல்ல எண் வாங்கிய குதிரை நொண்டாது என்றும் இல்லை. வேகமாக வளரும் வார்ம்பிளட் குட்டிகளின் மூட்டில் குருத்தெலும்புத் துணுக்கு பிரிந்து நிற்பது பரவலாகக் காணப்படும் கோளாறு. இடத்தையும் அளவையும் பொறுத்து, அதை அறுவையில் எடுத்துவிட்ட குதிரை முழு வாழ்க்கையும் வேலை செய்யும். விலை மட்டும் குறைந்திருக்கும். இப்படிப்பட்டதை, உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், துணிந்து வாங்கலாம். சட்டமும் ஒரு துணை: ஜெர்மனியில் தொழில்முறை விற்பனையாளரிடம் சாதாரண நுகர்வோர் வாங்கினால், முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்தது என்று கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை; குறைக்கான பொறுப்பையே அவர் ஒப்பந்தத்தில் எழுதி நீக்கிவிடலாம்.

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பணமில்லாமல் நிற்பது குதிரை உலகில் அன்றாடம் நடக்கிறது. கையில் 15,000 யூரோ இருந்தால் 15,000 யூரோக் குதிரையைத் தேடுவது தவறு. ஒன்பது, பத்தாயிரத்துக்குள் தேடி, மீதியைப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் காப்பீட்டுக்கும் சேணத்துக்கும் முதல் ஆறு மாதப் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். இளங்குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும். சேணத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய நேரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்புக்காரர் வர வேண்டும். லாய வாடகையும் தீவனமும் மாதம் 500 யூரோ என்று வைத்துக்கொண்டாலே மூன்று ஆண்டில் 18,000. மலிவுக் குதிரைக்கும் விலையுயர்ந்த குதிரைக்கும் புல் ஒரே அளவுதான் செலவாகிறது. அதனால்தான் பரிசோதனையில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஐந்நூறு யூரோவை அங்கே மிச்சம் பிடித்தவர், ஏற முடியாத குதிரைக்குப் பல ஆண்டு தீவனம் போடுகிறார்.

பிடித்துப்போன குதிரையாக இருந்தாலும் அன்றே முன்பணம் கொடுக்காமல் இன்னொரு நாள், வேறு நேரத்தில், மறுபடி போய்ப் பாருங்கள். இடையில் வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும்.

ஹில்டா கர்னி 1,000 டாலருக்கு வாங்கிய கீன், 1984-இல், தன் 18-ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் களத்தில் மறுபடியும் அவரைச் சுமந்துகொண்டு இறங்கியது.